தொகுதியின் தலை எங்கே நிற்றல் வேண்டும்?

கேபிள் வழியே வீடுகட்கு இணையம் ஊட்டும் பெரும் பொறிகளில் ஓர் ஏற்பாடு உண்டு. தனித்தனியே நிற்கும் பல இடைமுகங்களை ஒரு பெயரின்கீழ்த் தொகுத்து, புறத்தே நின்று நோக்குவார்க்கு அவை யாவும் ஒன்றே எனத் தோன்றுமாறு செய்தலே அது. அங்ஙனம் தொகுக்குமிடத்து அத்தொகுதிக்குத் தலையாவது யாது என்னும் வினாவிற்குப் பொறியாளர் இரு வேறு காலங்களில் இரு வேறு விடை கூறினர். முதற்கண் உறுப்புக்களுள் ஒன்றனையே தலையாக்கினர். பின்னர், எந்த உறுப்பும் ஆகாத, கம்பியும் துளையும் இல்லாத, பெயரளவில் நிற்கும் ஒன்றனைத் தலையாக்கினர். பின்னையதே தக்கது என்பது எம் கருத்து. அத்தலை எளிதிற் கிடைத்தது பற்றித் தொகுதியை அளவின்றிப் பெருக்குதல் தகாது என்பதும் எம் கருத்தே.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்குப் பொறிநூற் செய்தியில் யாது தொழில் என நகுவாரும் உளராகலாம். தொகுத்தலும் வகுத்தலும் எம் ஆசிரியர்கள் நாள்தோறும் எமக்கு ஊட்டும் பாடம். தொகையின் பொருள் எங்கே நிற்கும் என்னும் ஆராய்ச்சி தொல்காப்பியர் காலத்தே நிகழ்ந்துவிட்டது. அதனைப் பின்னர்க் கூறுவாம். முதலில் பொறியின் இயல்பைக் காண்போம்.

கேபிள் தொலைக்காட்சி அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1948 ஆம் ஆண்டளவில் தோன்றிற்று. மலை மறைத்தமையாலோ தொலைவு மிகுந்தமையாலோ ஒளிபரப்பு அலை எட்டாத சிற்றூர்களில், உயர்ந்த ஓரிடத்து அலைவாங்கி ஒன்றை நட்டு, அதனின்று கம்பி இழுத்து வீடுதோறும் படங்காட்டினர். பென்சில்வேனியா மாநிலத்து மஹனாய் சிட்டியும் ஆரிகன் மாநிலத்து அஸ்டோரியாவும் தாம் தாமே முதல் என வழக்கிடுகின்றன. அவ்வழக்கில் யாம் புகோம். ஈண்டு வேண்டுவது ஒன்றே. அக்கம்பி, அரங்கில் ஒருவர் பேச அவையோர் யாவரும் கேட்பது போல, ஒருவழிப் பேச்சிற்கென அமைந்தது. அதன்மேல் இருவழிப் போக்குவரத்தை ஏற்றுதற்குப் பொது விதி வேண்டியிருந்தது. கேபிள் நிறுவனங்கள் 1988 இல் கூடி அமைத்த கேபிள்லேப்ஸ் என்னும் ஆய்வுக் கழகம், 1997 இல் டாக்சிஸ் என்னும் விதித்தொகுப்பின் முதற் பதிப்பை வெளியிட்டது.

அவ்விதிப்படி நிகழ்வது இது. ஊரின் தலைநிலையத்தில் ஒரு பெரிய ரூட்டர் அமர்ந்திருக்கும். அதனின்று ஒளியிழை தெருப்பகுதிகட்குச் சென்று, ஆங்குள்ள முனைப்பெட்டிகளில் கம்பியாக மாறி, வீடுகளுள் நுழையும். ரூட்டர் அனுப்பும் செய்தி அக்கம்பியிலுள்ள எல்லா மோடங்களின் செவியிலும் விழும்; ஒவ்வொரு மோடமும் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடும். மறுதலையாக, மோடம் பேச வேண்டுமாயின் ரூட்டரிடம் முறை கேட்டு, அது அளந்து கொடுத்த சிறு நேரத்துள் பேசி முடித்தல் வேண்டும். ஒரு மோடம் பேசுவதை அடுத்த வீட்டு மோடம் நேரே கேட்டல் இயலாது. எல்லாம் ரூட்டர் வழியே. இவ்வியல்பை நேயர்கள் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும். சிஸ்கோ நிறுவனத்தார் இத்தொழிற்கெனச் செய்த பொறிகட்கு 'யூனிவர்சல் பிராட்பேண்ட் ரூட்டர்' எனப் பெயரிட்டனர். யூ.பி.ஆர். 7246, யூ.பி.ஆர். 10012 என்பன அவ்வரிசையில் பெயர்பெற்றவை. அவற்றின் பலகைகளிலே கேபிள் வந்து பொருந்தும் வாயில்களே கேபிள் இடைமுகங்கள். ஓர் இடைமுகம் சில தெருக்களுக்குப் பொறுப்பு. மற்றோர் இடைமுகம் வேறு சில தெருக்களுக்குப் பொறுப்பு.

இனி முகவரிச் சிக்கலைக் காண்போம். ரூட்டர் என்பதன் இயல்பு, ஒவ்வோர் இடைமுகத்தையும் தனியொரு வலையாகக் கருதி, அதற்கெனத் தனியொரு முகவரிக் கூட்டத்தை வேண்டுவது. அக்கூட்டங்களோ 32, 64, 128, 256 என இரட்டித்துச் செல்லும் அளவினவே. ஒவ்வொன்றிலும் முதலும் கடையும் வேறு தொழிற்கு ஒதுங்கும், ஒன்று ரூட்டர்க்கு ஆகும், எஞ்சியனவே வீடுகட்கு. நான்கு இடைமுகங்களின்கீழ் முறையே 60, 130, 20, 200 வீடுகள் உள எனக் கொள்வோம். தனித்தனியே கொடுப்பின் 64, 256, 32, 256 என 608 முகவரிகள் செலவாகும். வீடுகளோ 410 மட்டுமே. செலவு மிகுதி என்பது ஒரு குறை. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. 64 உடைய முதற் பகுதியில் வீடுகட்கு எஞ்சுவன 61. அங்கே இன்னும் இரண்டு குடும்பங்கள் இணைப்பு வேண்டின், ஒன்றற்கு இடமில்லை. மற்றை மூன்று பகுதிகளிலும் 185 முகவரிகள் சும்மா கிடந்தும் அவை இவ்வீட்டிற்கு உதவா. வேறொரு சிறு துண்டினை இப்பகுதிக்கு ஒட்டவைக்கலாம். ஒட்டுப்போட்ட ஆடை எத்துணை நாள் உடுக்கப்படும்? நான்கினையும் ஒன்றாகத் தொகுத்து 512 கொடுப்பின், வீடுகட்கு 509 கிடைக்கும். எஞ்சும் 99 உம் எத்தெருவில் புதிய குடி வரினும் அதற்கு உதவும்.

இச்சிக்கனம் உலோபம் அன்று. இணைய முகவரியின் நான்காம் பதிப்பு 32 இரும இலக்கம் உடையது. ஆதலின் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகளே உள. உலகப் பொதுக் களஞ்சியத்தின் கடைசிப் பங்குகள் 2011 ஆம் ஆண்டு பெப்ருவரி 3 ஆம் நாள் ஐந்து வட்டாரக் கழகங்கட்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. நம் நாடு அடங்கிய ஆசிய பசிபிக் வட்டாரத்திலும் அவ்வாண்டு ஏப்ரல் முதல் பஞ்சகாலப் பங்கீடு போன்ற முறையே நடைபெறுகின்றது. மோடத்திற்கு 10 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரியைத் தாராளமாகக் கொடுக்கலாம். அதன் பின்னுள்ள கணினிக்கோ பொது முகவரி வேண்டும் என்ற காலத்தில், ஒவ்வொரு முகவரியும் எண்ணிச் செலவிட வேண்டிய பொருளாயிற்று.

இந்நிலையில் தோன்றியதே இடைமுகங்களைத் தொகுக்கும் முறை. அதன் முதல் உருவில், ஒரு தொகுதியினுள் ஓர் இடைமுகம் 'மாஸ்டர்' எனப்பட்டது. ஏனையவை 'ஸ்லேவ்' எனப்பட்டன. முகவரியும் அதனைச் சார்ந்த கட்டளைகளும் மாஸ்டர்மீதே எழுதப்படும். ஏனைய இடைமுகங்கட்குத் தம்மவை என்று சொல்லத்தக்க முகவரி இல்லை. முன்னிருந்த முகவரியையும் களைந்துவிட்டே அவை தொகுதியுட் புகல் வேண்டும். ஒரு மோடம் விழித்தெழும்போது முதலில் அலைவரிசை தேடும். தொலைவை அளந்து தன் குரலைச் சரிசெய்யும். பின் முகவரி கேட்கும். ரூட்டர் அவ்வேண்டுகோளை வாங்கி, தொகுதித் தலைவனின் முகவரியைத் தன் முத்திரையாக அதிற் பதித்து, முகவரி வழங்கும் சேவையகத்திற்கு அனுப்பும். அம்முத்திரை கொண்டே சேவையகம் இன்ன கூட்டத்தினின்று கொடுப்பது எனத் துணியும். பின்னர் மோடம் தன் அமைப்புக் கோப்பினைப் பெற்றுப் பதிவுசெய்து கொள்ளும். இவ்வளவும் ஒழுங்காகவே நடந்தது, மாஸ்டர் நலமாயிருக்கும்வரை.

மாஸ்டர் இடைமுகத்தை மூடினால், அல்லது அதன் பலகையைக் கழற்றினால், நிகழ்ந்தது யாது? தொகுதியில் எந்த இடைமுகத்திற்கும் செய்தி அனுப்பப்படுவதில்லை. பிற இடைமுகங்கள் செவ்வையாக இயங்கும். அவற்றின் கம்பியில் ஒரு பழுதும் இல்லை. வீட்டு மோடங்களின் குரல் ரூட்டரின் வாயில்வரை வந்து சேரும். சேர்ந்தபின் அவை எறியப்படும். முன்னரே இணைந்திருந்த மோடங்கள் உடனே அறுந்துபோவதும் இல்லை. புதிதாக விழித்த மோடத்திற்கு முகவரி கிடையாது. அமைப்புக் கோப்பும் கிடையாது. ஒரு பலகையைத் துடைத்து மாற்ற வேண்டி ஒரு தெருவிற்கு மட்டும் சேவையை நிறுத்துவதாக எண்ணிய பணியாளர், நான்கு பகுதிகளையும் ஊமையாக்கினார். ஒரு தெருவின் நோய் பிற தெருக்களைப் பற்றியதற்குக் காரணம் கம்பி அன்று. தலைமையை ஒரு தெருவின் வாயிலில் குடியேற்றிய ஏற்பாடே.

இதனைப் படம் பார்ப்பதில் நேரும் இடையூறு என்று மட்டும் எண்ணுவார் எண்ணற்க. அமெரிக்க நாட்டில் பல்லாயிரம் குடும்பங்கள் தம் தொலைபேசியையும் இக்கேபிள் வழியே பெற்றுள்ளன. மோடத்திற்கு முகவரி இல்லையேல் அவ்வீட்டுத் தொலைபேசி பேசாது. நள்ளிரவில் மார்வலி கண்ட முதியவர் 911 என்னும் அவசர எண்ணைச் சுழற்றினும் பயனில்லை. பராமரிப்பு வேலைகளோ பெரும்பாலும் நள்ளிரவிற்குப் பின்னரே செய்யப்படுகின்றன.

பின்னர் வந்த திருத்தமே மெய்நிகர்த் தொகுப்பு. இதில் 'பண்டில்' என்னும் பெயரும் ஓர் எண்ணும் உடைய இடைமுகம் ஒன்று படைக்கப்படுகின்றது. அதற்குப் பலகை இல்லை, கம்பி இல்லை, எந்தத் தெருவும் அதன்கீழ் நேரே இல்லை. முகவரியும் அதனைச் சார்ந்த கட்டளைகளும் அதன்மேல் எழுதப்படும். மெய்யான இடைமுகம் ஒவ்வொன்றிலும் 'இன்ன எண்ணுள்ள பண்டிலைச் சேர்ந்தது' என்னும் ஒரு வரி மட்டும் போதும். மாஸ்டரும் இல்லை, ஸ்லேவும் இல்லை, யாவும் உறுப்பே. எந்தப் பலகையைக் கழற்றினும் அதன் தெருவே அணையும். ஏனைய தெருக்கள் ஒளிரும். சிஸ்கோ ரூட்டர்களின் பிற்பட்ட மென்பொருட் பதிப்புக்களில் பழைய முறைத் தொகுதிகள் யாவும் தாமே இம்முறைக்கு மாற்றப்பட்டன. பழையதைத் தொடர்தற்கு இடமே வைத்திலர். அக்கண்டிப்பை யாம் பாராட்டுகின்றோம்.

இப்பொழுது இலக்கணத்திற்கு வருவாம். தொகைச்சொல்லின் பொருள் நிற்குமிடம் நான்கு எனத் தொல்காப்பியர் வகுத்தார்: முன்மொழியில் நிற்பது, பின்மொழியில் நிற்பது, இரண்டிலும் ஒருங்கே நிற்பது, அவ்விரண்டிலும் நில்லாது பிறிதொரு மொழியில் நிற்பது. 'பொற்றொடி வந்தாள்' என்புழி வந்தது பொன்னும் அன்று, தொடியும் அன்று. அவற்றை அணிந்த ஒருத்தி. அவளைக் குறிக்குஞ் சொல் தொகையுள் யாண்டும் இல்லை. இல்லாவிடினும் வினை அவளைக் கொண்டே முடிகின்றது. 'வந்தாள்' என்னும் பெண்பால் விகுதி அவளுக்கே உரியது. அன்மொழித்தொகை எனப் பெயரிய இதனைப் படிக்கும்போதெல்லாம், சொல்லில் இல்லாத ஒன்று சொற்களை ஆளுதல் வியப்பாகவே தோன்றும். பழைய கேபிள் தொகுதி, உறுப்பு ஒன்றிலே பொருள் நிற்கும் தொகை, புதியது அன்மொழித்தொகை. உவமை முற்றும் பொருந்தும் என யாம் வாதியோம். பொற்றொடியாள் உலகில் உள்ளவள். பண்டில் இடைமுகமோ கட்டளைக் கோப்பின் ஓரிரு வரிகளிலன்றி வேறெங்கும் இல்லை. ஆயினும் தலை புறத்தே நிற்பினும் தொகை இயங்கும் என்பதை ஐயுறுவார்க்கு நம் இலக்கணம் விடை வைத்துள்ளது.

ஐயுறுவார் உளரோ எனின், உளர். 'இல்லாத இடைமுகத்திற்கு முகவரி கொடுத்தல் பொய். பழுது நேரின் பணியாளன் எதைத் தொட்டுப் பார்ப்பான்?' என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. மெய்யான வாயிலின்மேல் முகவரி எழுதியிருந்த காலத்தில், பொறியின் முன்னின்று கையால் தொட்டுக் காட்டலாம். இப்பொழுது எந்த மோடம் எந்த வாயிலின் கீழ் உளது என்பதைப் பொறி தன் அட்டவணையில் வைத்திருக்கின்றது. அதனைக் கேட்டே அறிதல் வேண்டும். மேலும், தலையின்மேல் தவறாக எழுதிய ஒரு வரி எல்லாத் தெருக்களையும் ஒருங்கே கெடுக்கும். ஆனால் எழுத்துப் பிழை பழைய மாஸ்டர்மீது நேரினும் இதே கேடுதான். புதிய முறை அக்கேட்டினை ஒழிக்கவில்லை. பலகை பழுதுபடுதலால் வரும் கேட்டினை மட்டுமே ஒழித்தது. அம்மட்டில் நன்றே.

இடையே ஒரு சொல். மாஸ்டர், ஸ்லேவ் என்னும் பெயர்கள் பொறிநூலில் நெடுங்காலம் வழங்கியவை. அடிமைமுறை 1865 வரை சட்டத்தில் நின்ற ஒரு நாட்டில் அச்சொற்களைக் கட்டளையாகத் தட்டெழுத நேர்ந்தவர்கட்கு அவை எங்ஙனம் ஒலித்திருக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பைதான் என்னும் கணினி மொழியினர் 2018 இலும், லினக்ஸ் கருவகத்தினர் 2020 இலும் அவற்றை விலக்கத் துணிந்தனர். பெயரை மட்டும் மாற்றி அமைப்பினை அவ்வாறே விடுதலும் உண்டு. கேபிள் தொகுதியிலோ அவ்வமைப்பே மாறியதனால் பெயர்கள் தாமே உதிர்ந்தன. இதுவே எமக்கு மிக உவப்பானது.

இனி எம் கருத்தின் மறுபாதிக்கு வருவோம். தலை புறத்தே வந்தபின் தொகுதியைப் பெருக்குதல் மிக எளிதாயிற்று. ஒரு வாயிலைச் சேர்க்க ஒரு வரி, அவ்வளவே. ஆதலின் ஒரு ரூட்டரிலுள்ள வாயில்கள் அனைத்தையும் ஒரே பண்டிலில் அடைத்துவிட வேண்டும் என்னும் ஆசை எழுதல் இயல்பு. கணக்கெழுதுவார்க்கு அது எளிது; தெருவில் வாழ்வார்க்கு நன்றா?

ஒரே தொகுதியில் உள்ளவர் ஒரே முற்றத்தில் வாழ்வார் போல்வர். ஒரு கணினியின் முகவரி தெரிந்து, அது எந்தப் பொறிக்கு உரியது என அறிய வேண்டின், ரூட்டர் 'இம்முகவரி யாருடையது?' எனக் கூவும். 1982 இல் வகுக்கப்பட்ட ஏ.ஆர்.பி. என்னும் விதி இது. தொகுதியில் அம்முகவரியார் எத்தெருவில் உளர் எனத் தெரியாமையின், தொகுதியின் எல்லாத் தெருக்களிலும் அது கூவியாதல் வேண்டும். அமைதியான நாளில் இக்கூவல் ஒரு பொருட்டன்று. 2001 ஆம் ஆண்டு கோட் ரெட் என்னும் புழுநிரல் பரவிற்று. 2003 ஆம் ஆண்டு பிளாஸ்டர் பரவிற்று. இவை முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் புகும் இயல்பின. ஆளில்லாத முகவரியைத் தட்டினாலும் ரூட்டர் 'யாருடையது?' எனக் கூவும்; விடை வராது; புழு அடுத்ததைத் தட்டும்; மீண்டும் கூவல். ஒரு வீட்டுக் கணினியில் நுழைந்த புழுவினால், அதனோடு யாதொரு தொடர்பும் இல்லாத தெருக்களின் கம்பியும் இக்கூவலால் நிரம்பும். முகவரியைச் சேமிக்க எண்ணிப் பெருக்கிய தொகுதி, இரைச்சலையும் உடன் பெருக்கியது. இதன் பின்னரே ஏ.ஆர்.பி. கூவலுக்கு அளவு விதிக்கும் வடிகட்டிகள் கேபிள் ரூட்டர்களில் வழக்கிற்கு வந்தன.

முற்றத்தின் மற்றொரு தீங்கு ஒளிவு இன்மை. 1990 களின் இறுதியில் கேபிள் இணைப்புப் பெற்றோர் சிலர், தம் விண்டோஸ் திரையில் அயல்வீட்டுக் கணினியின் பெயரும் அதன் கோப்புறைகளும் தோன்றக் கண்டனர். கதவைத் திறந்து வைத்தவர் அயலார். எனினும் கதவு இருப்பதே அவர்க்குத் தெரியாது. பின்னர் மோடத்தின் அமைப்புக் கோப்பிலேயே அவ்வகைச் செய்திகளைத் தடுக்கும் வழக்கம் வந்தது. வேறொருவன் முகவரியைத் திருடித் தனதென வழங்குவானைத் தடுத்தற்கும் ரூட்டரில் வழியுண்டு: இம்முகவரி இப்பொறிக்கு வழங்கப்பட்டதுதானா எனச் சேவையகத்தின் பதிவோடு ஒப்பிட்டு, அன்று எனின் செய்தியை எறிந்துவிடும். மோடங்கள் ஒன்றையொன்று நேரே கேட்கமாட்டா என முன்னர்க் கூறினோம். ஆதலின் அயலார் இருவர் பேசுதல் ரூட்டர் இடைநின்று விடை சொன்னாலன்றி இயலாது. ரூட்டர் வாய்திறவாதிருக்குமாறு ஆணையிடின் ஒரு முற்றத்தில் இருந்தும் ஒருவரையொருவர் காணார். இக்காவல்கள் யாவும் உள்ளபோதும், அவற்றை இடுவதும் விடுவதும் நிறுவனத்தார் விருப்பம். பெரிய தொகுதி அமைப்பார் இக்காவல்களை இட்டபின்னரே அமைத்தல் வேண்டும் என்போம். அவற்றை இட மனமில்லையேல் தொகுதியைச் சிறிதாக்குக.

தொகுக்கும் கருவியே வகுக்கும் கருவியும் ஆகும் என்பதையும் மறத்தல் ஆகாது. பண்டில் இடைமுகத்தைப் பல துணை இடைமுகங்களாகப் பிரிக்கலாம். ஒரே கம்பியில் ஒரு வீடு ஒரு நிறுவனத்தின் இணையத்தையும் அடுத்த வீடு வேறொரு நிறுவனத்தின் இணையத்தையும் பெறுமாறு செய்யலாம். இது வெறுங் கற்பனை அன்று. ஏ.ஓ.எல். நிறுவனமும் டைம் வார்னர் நிறுவனமும் ஒன்றாதற்கு இசைந்த அமெரிக்க வணிக ஆணையம், தம் கேபிளைப் பிற இணைய நிறுவனங்கட்கும் திறந்துவிடல் வேண்டும் என 2000 ஆம் ஆண்டு டிசம்பரில் விதித்தது. எர்த்லிங்க் என்னும் நிறுவனம் அவ்வாறு இடம்பெற்றது. ஆனால் அது அவ்விரு நிறுவனங்கட்கு மட்டும் உரிய கட்டளை. 2002 இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் கேபிள் இணையத்தைத் தொலைபேசிக்குரிய பொதுச்சேவை விதிக்குப் புறம்பாக வைத்தது. 2005 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. அதன்பின் பிறர்க்கு வழிவிட வேண்டும் என்னும் கட்டாயம் கேபிளார்க்குப் பொதுவில் எழவில்லை. ஒரு கம்பியைப் பலர் பகிர்தற்குப் பொறி இடங்கொடுத்தது, மூடியது சட்டம். பல நிறுவனங்களுள் ஒன்றைத் தேரும் உரிமையை இழந்த குடும்பங்கட்கு, 'பொறியால் இயலாது' என்னும் விடை இன்று சொல்லத்தக்கதன்று.

மயக்கம் ஒன்றினையும் ஈண்டு நீக்குதல் நலம். 2006 இல் வெளிவந்த டாக்சிஸ் மூன்றாம் பதிப்பு அலைவரிசைகளைப் பிணைக்கும் முறையைக் கொணர்ந்தது. ஓர் அலைவரிசை நொடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் தருமாயின், நான்கினைப் பிணைத்தால் 150 மெகாபிட் அளவு ஒரே மோடத்திற்குக் கிடைக்கும். பிணைப்பு வேறு, தொகுப்பு வேறு. பிணைப்பு ஒரு வீட்டின் வேகத்தைக் கூட்டும். தொகுப்பு ஒரு நொடிக்கு ஒரு துளியும் கூட்டாது. எட்டு வாயில்களைப் பண்டிலில் சேர்த்துவிட்டு வேகம் ஏன் மிகவில்லை என வினவுவார்க்கு இதுவே விடை.

இணைய முகவரியின் ஆறாம் பதிப்பினை டாக்சிஸ் ஏற்றதும் அம்மூன்றாம் பதிப்பு முதலே. அப்பதிப்பில் முகவரிப் பஞ்சம் இல்லை. ஒரு சிறு வலைக்கே நான்காம் பதிப்பின் உலகமுழுமையினும் பன்மடங்கு கொடுக்கலாம். அங்ஙனமாயின் தொகுப்பின் தேவையே ஒழிந்தது எனச் சிலர் முடிவுகட்டக்கூடும். யாம் உடன்படோம். வீடுகள் மிகுந்து ஒரு முனைப்பெட்டி தாங்காத நிலை வரும்போது, அதன் தெருக்களைப் பிளந்து பாதியை வேறொரு வாயிலுக்கு மாற்றுவர். இரு வாயில்களும் வேறு வேறு வலைகளாயின், மாறிய வீடுகள் யாவும் முகவரி மாற்றம் பெறும். நிலையான முகவரி வாங்கிக் கடை நடத்துவான் ஒருவன் காலையில் எழுந்து தன் பொறி விடைகூறாமை கண்டு மலைப்பான். இரு வாயில்களும் ஒரே பண்டிலில் இருப்பின், மோடம் சிறிது நேரம் கண்மூடித் திறக்கும். முகவரி அப்படியே நிற்கும்.

ஆதலின் எவ்விரு வாயில்களை ஒரே தொகுதியில் இடுவது என்பதை, முகவரி எத்துணை மிச்சமாகும் என்னும் கணக்கால் துணியாமல், எத்தெரு எத்தெருவிலிருந்து பிளக்கப்படும் என்னும் கணக்கால் துணிதல் வேண்டும். பக்கத்துத் தெருக்கள் ஒரு தொகுதியாகட்டும்; ஊரின் மறுகோடி வேறொரு தொகுதியாகட்டும். ஒரு ரூட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட பண்டில் வைக்கப் பொறி தடைசொல்வதில்லை. எண் மட்டுமே வேறு எழுத வேண்டும்.